முப்பத்தோராம் குழி

மார்லிஸ் தொல்லியல் படித்தவள் என்று சொன்னால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எவரும் எளிதில் நம்புவதில்லை. சேறு ஒட்டிய பூட்ஸோடு காபிக் கடைக்குள் நுழைந்தால், எந்த ஊரில் டைனோசர் கிடைத்தது என்று கிண்டலாகக் கேட்பார்கள். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தாள். அருங்காட்சியகம், பேராசிரியர் பதவி, தேசியப் பூங்கா என்று துறையில் ஆசை காட்டினார்கள். உடன் படித்த இருபத்திரண்டு பேரில் அருங்காட்சியகத்துக்குப் போனவள் ஒருத்தி, டிக்கெட் கொடுக்கிறாள். தொழிலில் நிலைத்த மற்றவர்கள் அவளையும் என்னையும் போலத்தான். சாலையோ கிடங்கோ வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் பழைய தடயம் உண்டா என்று தோண்டிப் பார்க்கிறோம். பதினைந்து மீட்டருக்கு ஒரு குழி. மண்ணைச் சலித்து, கண்டதை ஒரு தாளில் எழுதி, தோண்டியவர் தன் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். வெறுங்குழிக்கும் அதே தாள்தான்.

வசந்தம் முதல் நிலம் உறையும் வரை ஒரு பருவம்; அப்படி ஆறு பருவம் அவளோடு தோண்டியிருக்கிறேன். வெறுங்குழியைக்கூட அவள் அவசரமாக மூடி நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஆற்றோரத்து மக்காச்சோள வயல் ஒன்றில் கிடங்கு கட்ட இருந்தார்கள். முப்பத்தோராம் குழியில், உழவு மண்ணுக்குக் கீழே கருத்த வட்டம் தெரிந்தது. தீயில் வெடித்த கற்கள் இருந்தன. சின்னத் துண்டு ஒன்றை மார்லிஸ் நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. கல்லாக இருந்தால் ஒட்டாது. அது எலும்பு, மானுடையதாக இருக்கலாம். யாரோ சமைத்துச் சாப்பிட்ட பழைய அடுப்பு. அப்படிக் கிடைத்தால் சுற்றிலும் மேலும் தோண்ட வேண்டும். கட்டட வேலை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். எங்கள் கம்பெனிக்குப் பணம் கொடுப்பதோ கட்டடம் கட்டுகிறவர்கள்தான்.

எங்கள் மேலாளர் கர்ட்டிஸ் தோர்சன். முதுகலைப் பட்டம் இருப்பதால் அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை அவருக்குத்தான். செங்குத்தான சரிவில் தோண்ட வேண்டியதில்லை என்று எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மறுநாள் காலை வரைபடத்தில் முப்பத்தோராம் குழி இருந்த வரிசை முழுவதும் ‘சரிவு, தோண்டவில்லை’ என்று அவர் எழுதியிருந்தார். மேஜை மாதிரித் தட்டையான நிலம் அது.

"அந்த வரிசைத் தாளையெல்லாம் மாத்தி எழுதிக் குடுத்துடு, மார்லிஸ்."

"எந்தச் சரிவு கர்ட்டிஸ்? படுக்க வச்ச தண்ணி பாட்டில்கூட அங்க உருளலையே."

"அடுத்த பருவத்துக்கும் ஆள் எடுக்கணும். ஞாபகம் வச்சுக்க."

அவள் மாற்றி எழுதவில்லை. தாள்களின் நகலையும் படங்களையும் அறிக்கையைச் சரிபார்க்கும் மாநில அலுவலகத்துக்கு அனுப்பினாள். அறிக்கை ஏற்கப்படாமல் திரும்பி வந்தது. வேறொரு கம்பெனி தோண்டியதில் ஏழு அடுப்புகள் கிடைத்தன. அவர்கள் அச்சிட்ட நூலில் அவள் பெயர் இல்லை. ‘முந்தைய ஆய்வில் கண்டறியப்பட்டது’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். வரைபடத்தில் நேர்ந்தது கவனக்குறைவு என்று சொல்லித் தோர்சன் தப்பித்தார். இன்றும் கையெழுத்துப் போடுகிறார்.

எங்கள் தொழிலில் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை. கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். ஏப்ரலில் எனக்கு அழைப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அது தெரிந்தும் நான் போய்த் தோண்டினேன்.

ஆகஸ்டில் பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவிலிருந்து ஒரு கம்பெனி அவளிடம் தொலைபேசியில் பேசியது.

"உங்களோட வேலை பாக்கிறது கஷ்டம்னு சொல்றாங்களே?"

"ஆமா. தோண்டின குழியத் தோண்டலன்னு எழுதச் சொன்னா கஷ்டந்தான்."

மறுபடி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். இது அக்டோபர் கடைசி, இன்னும் கூப்பிடவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் நிலம் உறைந்துவிடும். அதன் பிறகு வசந்தம் வரை எந்தக் கம்பெனியும் எவரையும் கூப்பிடாது.