கூரைக்குக் கீழே ஒரு வாளி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கணினித் திரையில் களிமண்ணைப் பிசைவதுபோல் கட்டட வடிவங்களைச் செதுக்கக் கற்றுத்தரும் வகுப்பு. என் பக்கத்தில் கிள்ளானிலிருந்து வரும் காண்ட்ராக்டர் ஒருவர் உட்காருவார். தொப்பை மேசையில் இடிக்கும், காதில் பென்சில். யாருடைய மாடலையும் குப்புறத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார்.

மூன்று வாரம் இழைத்த என் அலைக்கூரையையும் அப்படித்தான் பார்த்தார்.

“மழ பேஞ்சா தண்ணி எங்கம்மா போவும்?”

“இது சும்மா கான்செப்ட்தான், அங்கிள்.”

“கான்செப்ட்னாலும் மழ பேயும் லா.”

கடைசி வகுப்பில், தான் செதுக்கிய வாளி ஒன்றை, நெளிசல் உட்பட, திரையில் என் கூரைக்கடியில் வைத்துவிட்டுப் போனார். அதை நீக்க மறந்து அலுவலகத்தில் பாஸிடம் காட்டிவிட்டேன்.

வெகுநேரம் பார்த்தவர் சொன்னார்: “வாளி நல்லா இருக்கு.”

கூரையை நான்காவது தடவையாகத் திருத்துகிறேன். வாளியை நகர்த்த மட்டும் மனம் வரவில்லை.