பாலத்தடியில் நான் காட்டிய கை

மழை ஓய்ந்து, ரயில் பாலத்துக்கு அடியில் செம்மண் தண்ணீர் தேங்கியிருக்கிறது. புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி அதற்குள் நான் நிற்கிறேன். பின்னால் எங்கள் கார் உறுமிக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடினால் முதலில் வருவது இதுதான்.

என் வீட்டுக்காரர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டினவர். ஆட்களோடு பூமிக்குள் போகும் அந்தக் கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழேயிருந்து மணி வரும். அதன்படி இறக்குவார், ஏற்றுவார், நிறுத்துவார். மணி அடிக்கிறவனைச் சந்தேகப்பட்டால் அந்த வேலை நடக்காது என்பார். சுரங்கத்தை மூடின பிறகு ஒரு பழைய அம்பாசடர் வாங்கி வாடகைக்கு ஓட்டினார். அதிலும் அதே புத்திதான். தேங்கின தண்ணீரைக் கண்டால் நிறுத்திவிடுவார். யாராவது இறங்கி நடுப்பள்ளம் வரை நடந்து பார்க்க வேண்டும். தண்ணீர் கெண்டைக்காலோடு நின்றால் கையைத் தூக்கலாம். முழங்காலைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும். கையைப் பார்த்ததும் முதல் கியரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், அவசரப்படாமல், ஒரே சீராக வந்து கரையேறுவார். ஏறினதும் பிரேக்கை இரண்டு மூன்று தரம் லேசாக மிதித்து ஈரத்தைப் போக்குவார். வீட்டாரோடு போகும்போது முன்னால் நடப்பது நான்தான்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு வலி கண்டது ஒரு மழைக்காலத்துக் காலையில். அவளைப் பின் சீட்டில் படுக்கவைத்துப் பங்காருபேட்டை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பாலத்தடியில் தண்ணீர். சுற்றுவழியும் இருந்தது, கால் மணி கூட ஆகும், அவ்வளவுதான். நான் இறங்கி நடந்தேன். எதிர்க்கரை டீக்கடையில் ஆம்பளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அதில் ஒருவன், "இன்னாம்மா, நாத்து நட எறங்கினியா? பொடவைய இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டு, நனைஞ்சிடப் போவுது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் கை புடவையை விட்டுவிட்டது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியவில்லை. நடுப்பள்ளத்துக்கு இன்னும் பத்தடி இருந்தது. போன மழைக்கு அங்கேயும் கெண்டைக்கால்தானே என்று நினைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே கையைத் தூக்கினேன்.

அவர் வந்தார், எப்போதும் போலச் சீராக. பள்ளத்தில் வண்டி இறங்கியது, பானெட் வரை தண்ணீர் ஏறியது, எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுபோனது. சிரித்த அதே ஆம்பளைகள்தான் குதித்து வந்து தள்ளினார்கள். வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பையன். அழவேயில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றார் டாக்டரம்மா.

மாப்பிள்ளை வந்து, "இன்னா மாமா, ஆழம் பாக்காமயா எறக்கினீங்க?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அவ சரியாத்தான் காட்டினா மாப்ள. நாந்தான் நடுவுல கால எடுத்துட்டேன்."

நான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றேன். கட்டிலில் கிடந்த மகளுக்கும் அது கேட்டது. அதன் பிறகு அவள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை.

எவ்வளவு தூரம் நடந்தாய் என்று அவர் என்னைக் கேட்டதேயில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நாள்தோறும் காத்திருந்தேன். சுரங்கத்துத் தூசி நுரையீரலைத் தின்றுவிட, அவர் படுக்கையில் விழுந்தபோது, ஒரு மழை நாளில் மட்டும், "மணி அடிக்கிறவனுக்கு அங்க இன்னா கஷ்டமோ, மேல இருக்கிறவனுக்கு இன்னா தெரியும்" என்றார். அப்போதும் நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் பிணத்தைப் பார்க்கத்தான் மகள் வந்தாள்.

இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். அதற்கப்புறம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. இங்கே மழை என்று தெரிந்தால் போன் செய்வாள். "ஆட்டோல அந்தப் பாலத்து வழியா போவாதம்மா. அவரு மாதிரி கண்ண மூடிக்கினு எறக்கிடுவானுங்க" என்பாள். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

வாயால் வராததால் இதை எழுதினேன். நாலாவது வரை படித்தவள், நாலு நாள் ஆனது. என் மகள் படித்ததெல்லாம் கன்னடப் பள்ளிக்கூடத்தில். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேனாவை எடுக்கும்போதே எனக்கு அது தெரியும்.