எழுத்தில் வந்த காய்ச்சல்

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு காலை. றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால், திரும்பும் வரைக்கும் பிள்ளைகள் என் பொறுப்பு.

எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். பாதிப் பேருக்கு எழுத வராது, அதனால் எல்லாம் குரல் பதிவுதான். "சின்னவன் கஞ்சி குடிச்சிட்டான்" என்று நான் அனுப்பினால் மலையில் நின்றபடியே கேட்பார்கள். அதில் ஒருத்தி மட்டும், எதிர் மலையில் நிற்பவளைக் கூப்பிடுவது போலப் போனில் கத்துவாள். "அக்கா, நான்தான் பேசுறேன்" என்று தொடங்காமல் அவளுக்குப் பேச்சே வராது. தூங்குகிற பிள்ளையெல்லாம் எழும்பிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் ஒரு வீட்டுச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்டாலும், புருஷன் பொண்டாட்டி விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

அன்று அவளும் வரவில்லை, மகளும் வரவில்லை. குரூப்பில் அவள் நம்பரிலிருந்து எழுத்தில் ஒரு மெசேஜ் வந்திருந்தது: "பிள்ளைக்கு காய்ச்சல். இன்று வேலைக்கு வரமாட்டேன்." பாவம் என்று நினைத்துக்கொண்டு கஞ்சியை அடுப்பில் வைத்தேன். கிண்டிக்கொண்டிருக்கும்போதுதான் திக்கென்றது. கைநாட்டு வைக்கிறவள் எப்போது எழுதப் படித்தாள்?

பிள்ளைகளை விட்டுவிட்டு நான் ஓட முடியாது. அவள் போன் அவனிடம் இருந்தால், குரூப்பில் சொல்வது அவனுக்கும் கேட்கும். அதனால் மலையில் நின்ற அவளுடைய பக்கத்து வீட்டுக்காரிக்குத் தனியாகப் பேசி அனுப்பினேன். "அவ நம்பர்ல இருந்து எழுத்து வந்திருக்குடி. லயத்துக்குப் போய்ப் பாருங்க, சீக்கிரம்."

கங்காணியிடம்கூடக் கேட்காமல், அந்த மலையில் நின்ற அத்தனை பேரும் கூடையோடு இறங்கினார்கள். வீடு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே பிள்ளையின் அழுகை. பக்கத்து வீட்டிலிருந்த, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் பூட்டை நெம்பித் திறந்தார்கள். உதடு கிழிந்து, ஒரு கை வீங்கி, மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் மூலையில் இருந்தாள். பொலிசுக்குப் போவேன் என்று சொன்னதற்காக அடித்து, போனைப் பிடுங்கிக்கொண்டு, பூட்டிவிட்டு டவுனுக்குப் போயிருக்கிறான் பாவி.

என்னிடம் கூட்டி வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கும்போது என் போனில் மறுபடியும் அவள் நம்பர். "மருந்து குடித்துவிட்டுத் தூங்குகிறேன். தொந்தரவு பண்ண வேண்டாம்." நான் சத்தமாக வாசித்தேன்.

"நான் தூங்குறேனாமாக்கா?" என்று கேட்டு, அந்தக் கிழிந்த உதட்டோடு சிரித்தாள். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் எழும்பினாள். "வா, பொலிசுக்குப் போவோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் கேட்டதையெல்லாம் நானே சொல்றேன்."

சொன்னபடியே, பொலிசில் பக்கத்து வீட்டுக்காரி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். பெண் பொலிஸ் அந்த இரண்டு மெசேஜையும் பார்த்துவிட்டு, "மேக்க கவுத லிவ்வே?" என்று, எழுதியது யாரென்று கேட்டாராம். சாயங்காலம் அவனைப் பிடித்தபோது அவள் போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

அவளை நெருங்கக் கூடாது என்று கோர்ட்டில் அவனுக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள். அவளும் மகளும் இப்போது மேல் லயத்தில் அவளுடைய கூடப்பிறந்த அக்கா வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். குரூப்பிலும் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. யார் வேலைக்கு வராவிட்டாலும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆள் போய்ப் பார்க்கும்.

இன்றைக்கும் மத்தியானம் பிள்ளைகள் கண் அசரும் நேரம் பார்த்து, "அக்கா, நான்தான் பேசுறேன்" என்று கத்துகிறாள். நானும் அவளைத் திட்டிக்கொண்டேதான் தொட்டிலை ஆட்டுகிறேன். ஆனால் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரிந்த பிறகு, போனின் சத்தத்தை ஒருநாளும் குறைத்து வைத்ததில்லை.