கடற்கரை மணலில் பழகிய அணி

காலை ஆறு பத்து. சிலாபம் பஸ் நிலையத்தில் புத்தளம் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் அமர்ந்த பிறகும், இறங்கிவிடலாமா என்று ஒருதரம் யோசித்தேன்.

கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் ஃபரீனா என்றொரு ஆசிரியை, ஓர் உதைபந்தாட்ட அணியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு எத்தாளைக் கரைக்கு வந்த முஸ்லிம் பிள்ளைகளுக்காக, முகாமிலேயே தொடங்கிய பாடசாலையின் அணி அது. அவர்களோடு மோதியவர்களையும் அவர் தேடுகிறார் என்று பழைய தோழன் ஒருவன் சொன்னான். அவர்களுக்கு எதிராகச் சிலாபத்தில் நடந்த ஓர் இறுதிப் போட்டியில், பதினேழு வயதில், எங்கள் பாடசாலையின் கோல் காப்பாளன் நான்.

பாலாவிச் சந்திக்கு நாற்பத்தைந்து கிலோமீற்றர், இருநூற்றுப் பத்து ரூபா. இறங்கும்போது மணி ஏழே முக்கால். உப்பளங்களில் வானம் பாத்தி பாத்தியாகக் கிடந்தது. அதன் நடுவே நடந்துபோன இருவரின் உருவம் நீரில் தலைகீழாகத் தெரிந்தது. கற்பிட்டி பஸ்ஸில் ஏறியதும் கடல்நீர் தேங்கிய களப்பு ஒரு பக்கமாக வரத் தொடங்கியது. காற்றாலைகள் தூக்கத்தில் கைவீசுவதுபோல மெல்லச் சுற்றின.

"எத்தாளையில எங்க?" என்று கேட்டார் நடத்துனர்.

"ஃபரீனா டீச்சர் வீடு."

"ரிஸ்விட வீடு எண்டு சொல்லுங்க. பந்தடிக்கிற ரிஸ்வி."

அந்த இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிராக ஆடிய ரிஸ்வி. டீச்சரின் கணவர் யாரென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பது மணி. மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவே வீடு. ரிஸ்வி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தாலும் நடை அதே நடை. நான் யாரென்று சொன்னதும் ஃபரீனா கதிரை போட்டு, பிளேன்டீ தந்து, தன் கொப்பியிலிருந்து வாசித்துக் காட்டினார். முகாமில் மைதானம் இல்லை. பின்னேர வகுப்பு முடிந்ததும் கடற்கரைக்கு ஓடினார்கள். உரப்பையில் மணல் நிரப்பிக் கோல் கம்பம் வைத்தார்கள். மற்றவர்கள் 'அகதி டீம்' என்று கூப்பிட்டார்கள்.

அதைக் கேட்கக் கேட்க அன்றைய நாள் எனக்குள் எழுந்தது. கால் புதையும் மணலில் பழகியவர்கள், எங்கள் இறுகிய தரையில் எடையே இல்லாதவர்கள்போல மிதந்து வந்தார்கள். பந்தை மறந்து அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடைசி நிமிசத்தில இவர் அடிச்ச பந்த நீங்க பிடிச்சிட்டீங்க. அதத்தான் சொல்ல வந்தீங்களா?" என்றார் ஃபரீனா.

"ஓம் டீச்சர். ஆனா நான் பிடிச்சது கோட்டுக்கு உள்ள. நெஞ்சோட அணைச்சு வெளிய இழுத்திட்டேன். நடுவர் தூரத்தில நிண்டார். என்னைப் பார்த்தார். நான் இல்லையெண்டு தலையாட்டினேன்."

ரிஸ்வி தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார்.

"ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?"

"வெல்ல ஆசை. வேற காரணமில்ல."

அவர் கடலை நோக்கி நடந்தார். ஃபரீனா கண்ணைக் காட்ட, இருவரும் பின்னால் போனோம். அலையடியில் நின்று அவர் சொன்னார்: "உள்ள போனத என்ட கண்ணால கண்டேன். எல்லாரும் இல்ல இல்லையெண்டு சொல்லச் சொல்ல, எனக்கே சந்தேகம் வந்திட்டு. எங்கட டீம் நவாஸ் இடப்பக்கம் தனிய நிண்டு கத்தினான். அவனுக்குக் குடுக்காம நானே அடிச்சேன். அதோட என்னோட கதைக்கிறத விட்டுட்டான். திரும்ப மன்னாருக்குப் போகக்குள்ளயும் என்னட்ட ஒரு வார்த்த சொல்லல்ல."

"நவாஸ் நானாட நம்பர் என்னட்ட இருக்கு. வரலாறு கேட்டு எடுத்தனான்," என்று தயங்கித் தயங்கிச் சொன்னார் ஃபரீனா.

அவரே அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் யாரென்றும் என்ன செய்தேனென்றும் சொன்னேன். தொலைபேசியில் காற்று இரைந்தது. இந்தக் கரைக் காற்றா, மன்னார்க் காற்றா, தெரியவில்லை.

"அப்ப அது கோல்தானா?"

"கோல்தான்."

"ரிஸ்வி பக்கத்தில இருக்கானா?"

"இருக்கேன்," என்றார் ரிஸ்வி.

"எண்டாலும் நீ எனக்குத் தந்திருக்கோணும்டா. நான் தனியத்தானே நிண்டேன்!"

ரிஸ்வி மணலில் அப்படியே உட்கார்ந்தார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார். "ஓம்டா, தந்திருக்கோணும்," என்றார்.

தொலைபேசியை அவர் கையில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பினோம். "முடிவு உங்களுக்கு ஒண்டு, எங்களுக்குப் பூச்சியம்தான் சேர், அத மாத்த ஏலாது. அதுக்குக் கீழ நீங்க சொன்னத உங்கட பேரோட எழுதட்டா?" என்று கேட்டார் ஃபரீனா. எழுதச் சொன்னேன். பகல் சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னார். எனக்கு அங்கே சாப்பிட மனம் வரவில்லை. தெருவுக்கு ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ரிஸ்வி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

பின்னேரம் நான்கு மணிக்குச் சிலாபம். வீட்டுக்குப் போகாமல் எங்கள் பாடசாலை மைதானத்துக்குப் போனேன். எத்தாளையில் மணல் மூட்டை. எங்களுக்கு அன்றே இரும்புக் கம்பம், வலை, சுண்ணாம்புக் கோடு. நான் விழுந்த பக்கத்தில் குனிந்து நின்றேன். அன்று என் முழங்கை பின் வலையில் உரசியது நினைவுக்கு வந்தது. இத்தனை வருடமும் பந்து கோட்டைத் தாண்டியது ஒரு விரல்கடைதான் என்றே எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

ஃபரீனாவுக்கு அழைத்தேன்.

"டீச்சர், கொஞ்சம் உள்ள எண்டு எழுதாதீங்க. ஒரு முழத்துக்கு மேல எண்டு எழுதுங்க."