மாமாவுக்காக நின்ற தறிகள்

தறி ஓடுற வீட்டில் சண்டைகூட ஜாடையில்தான் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஆரணியில் விசைத்தறித் தெருவில் பிறந்த பிள்ளைக்கு உதட்டைப் பார்த்தே சொல்லைப் படிக்கத் தெரியும். காலையில் தொடங்கும் அந்தக் கடகடப்பு கரண்ட் போனால் நிற்கும். தெருவில் சாவு விழுந்து பாடை கடக்கும்போது நிற்கும். மற்றபடி எதற்கும் நிற்காது. என் மாமாவுக்காக ஒரே ஒருமுறை நின்றது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்லூரியை முடித்துவிட்டு எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிடாரோடு குடியிருந்தார். அவருக்குப் பிடித்த பாட்டே தனி ரகம். கிடார் ஓசையை எதிரொலியில் ஊறவைத்து, இரைச்சலாக்கி, மேகம் போலப் பரப்பிவிடுவார்கள். பாடுகிறவர் அதற்கு அடியில் எங்கோ முணுமுணுப்பார். டிரீம் பாப், ஷூகேஸ் என்று மாமா பெயர்கள் சொல்வார். அம்மாவுக்கு ஆகவே ஆகாது.

"இன்னாடா இது? மிக்சிய ஓடவிட்டு பக்கத்துல குந்திகினு அழுவுற மாதிரி கீது. ஒரு வார்த்த புரியுதா?"

"வார்த்த புரியலனா இன்னாக்கா, அழுவுறது புரியுதில்ல?"

எனக்கும் ஒருநாள் ஹெட்போனை மாட்டிவிட்டார். முதலில் வெறும் இரைச்சல். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த இரைச்சலே இலவம்பஞ்சு மெத்தை போல ஆகிவிட்டது. அதில் நான் மெதுவாகப் புதைந்துபோனேன். பாடுகிறவள் எனக்குள்ளிருந்தே பாடுவது போல் இருந்தது.

"மயில்கழுத்துப் பொடவ மாதிரி பாப்பா. நீல இழை, பச்ச இழை ரெண்டும் சேர்ந்தாதான் அந்தக் கலரு. பிரிச்சா வெறும் நூலு" என்றார். எனக்குப் புடவை மட்டும் புரிந்தது.

அந்த வருஷம் சென்னையில் ஓர் இசைக்குழு ஆள் தேடியது. சொந்தப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். கிடைத்தால் மாமா சென்னைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் வேலை. தாத்தா பேசி வைத்துவிட்டார். "இதான் கடைசி வாய்தா" என்றும் சொல்லிவிட்டார்.

மாமா மாடியில் பாட்டைக் கட்டத் தொடங்கினார். எப்போதும் ஜன்னலை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். காற்றுக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ! அதுவரை அந்தக் கிடாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், சோறு வடித்த கையோடு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எந்தம்பி பாட்டு பதியறான். கொஞ்ச நேரம் தறிய நிறுத்துங்க, புண்ணியமா போவும்."

தறி நின்றால் கூலி நின்றது. இருந்தும் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு வீடாக நிறுத்தினார்கள். கடைசித் தறியும் நின்றபோது காக்கை கத்துவது கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெரியவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"யாரும்மா போய்ட்டாங்க?"

"யாரும் போவலீங்க. எந்தம்பிதான் சென்னைக்குப் போவப்போறான்" என்றாள் அம்மா.

மூச்சிரைக்க மாடி ஏறினாள். "ஜல்தி பாடுடா! உனக்கோசரம் தெருவையே நிறுத்திட்டு வந்துகிறேன்."

மாமா மைக்கை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். ஜன்னலைப் பார்த்தார். வேர்வை வழியும் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "ரொம்ப டேங்க்ஸ்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாட்டு பதிவானது. பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து போல ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் கேட்டது. "இப்பதான்டா பாட்டு மாதிரி கீது!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனுப்பும் வரை நகரவில்லை. மாமா அவள் கண்ணெதிரிலேயே அனுப்பினார்.

சில நாளில் பதில் வந்தது. குரல் நன்றாக இருக்கிறதாம், ஆனால் அவர்கள் தேடியது இது இல்லையாம். மாமா களம்பூர் பஸ் ஏறினார். கிடார் பரண் ஏறியது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே நடந்தது தலைகீழ். மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்தக் குரங்குதான். அம்மா பார்த்துப் பார்த்துப் பிள்ளையாரைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். தெருவின் இரைச்சலைத்தான் அவர் பாட்டுக்கு மெத்தையாக விரித்து வைத்திருந்தார் என்று இன்று அந்த ரகப் பாட்டை நானே தேடிக் கேட்கும்போது தெரிகிறது. யாரிடம் சொல்ல? அம்மா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் தெருவையே நிறுத்திக் குடுத்தேன், அவனுக்கு ராசி இல்ல" என்கிறாள். பக்கத்தில் இருந்தால் மாமாவும், "ஆமாக்கா, ராசி இல்ல" என்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுவதில்லை. பாட்டை அனுப்பிய அந்தச் சாயங்காலம் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன. நான் மாடிக்குப் போனேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, மைக்கை உறையில் போட்டுவிட்டு, மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து அதே பாட்டை முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். கிடாரும் தறியும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் அறை முழுதும் நிறைந்திருந்தன. அவர் குரல் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. உதட்டைப் படித்தேன். "யாருக்கும் கேக்கலியே மாமா" என்று நானும் உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நிறுத்தவில்லை.

நான் கீழே ஓடிப்போய், மாமா ரொம்ப சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன்.