ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன கட்டுகள்

தாலுகா அலுவலகப் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றதும், அங்கே கிடந்த அரசிதழ்களும் கண்மாய் வரைபடங்களும் எங்கள் ராஜபாளையம் நூலகத்துக்குத்தான் வரும் என்று நம்பினேன். மனு கொடுத்திருந்தேன். மாடி அறையைக்கூட ஒழித்து வைத்துவிட்டேன். கடைசியில் அத்தனையும் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் போய்விட்டன. அங்கே நூலகர், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த தோழி. அவள் மனுவே போடவில்லை. அவளுடைய கட்டடம் புதியது, ஒழுகாது, அவ்வளவுதான் காரணம்.

போனில் வாழ்த்துச் சொன்னேன். சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் பழைய ஆவணம் தேடி என்னிடம் வந்தவர்களுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வழி சொல்ல வேண்டியதாயிற்று. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே போனேன். மம்சாபுரத்து விவசாயிகள் மேசையைச் சுற்றி நின்று, வரைபடத்தில் தங்கள் ஓடையை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஏட்டி, நல்ல நேரத்துல வந்த. ஒத்தையில முடியல. செத்த நேரம் பிரிச்சுக் குடேன்" என்றாள்.

உட்கார்ந்தேன். பிறகு விடுமுறைதோறும் போனேன். ஊர்வாரியாகப் பிரித்து, தூசி தட்டி, துணியில் கட்டி வைத்தோம். அந்தக் காகிதங்களைத் தொடுவது அத்தனை பிடித்திருந்தது; அவை அவளுடைய அலமாரிக்குள் போவதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒருநாள் நாளிதழ்க்காரர் வந்து எங்கள் இருவரையும் படம் எடுத்தார். மறுநாள் எங்கள் நூலகத்தில் பேப்பரைப் பிரித்தால், படத்துக்குக் கீழே அவள் பெயர். பக்கத்தில், 'உடன் வாசகர் ஒருவர்'.

உடனே அவள் போன் செய்து, பெயரைச் சொல்லித்தான் அனுப்பியதாகவும் அவர்கள்தான் போடவில்லை என்றும் வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்று வைத்துவிட்டேன். அப்புறம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து, கனத்த பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராஜபாளையம் சம்பந்தப்பட்ட தாள்களையெல்லாம் நகலெடுத்து பைண்டு செய்திருந்தாள். நான் ஒழித்து வைத்த மாடி அறை காலியாகவே கிடந்தது. வாசலில் நின்று அதையே பார்த்தாள்.

"எம்மேல கோவம்னா இருக்கட்டும். இது ஒங்க ஊரு சங்கதி. ஒங்கிட்ட இருக்கணும்."

இருவரும் சேர்ந்துதான் அடுக்கினோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டேன்.

மறுநாளே பெரியவர் ஒருவர் அதைப் புரட்டிவிட்டு, அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்றேன். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது.