இடது கை விரல்கள்

சிகரெட்டை விட முயன்ற ஒரு நண்பரை நான் ஏமாற்றினேன். எழுபதுகளில் நடந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில் நானும் அந்தோனியும் கிண்ணியாவைச் சேர்ந்த கரீமும் எழுதுவினைஞர்களாக இருந்தோம். மூவரும் ஒன்றாகப் புகைப்பதை விட்டோம். மதியச் சோற்றுக்கு உட்காருமுன், சிகரெட் மணம் இருக்கிறதா என்று ஒருவர் வலது கை விரல்களை மற்றவர் முகர்ந்து பார்ப்பது எங்கள் வழக்கம்.

"பேனா மை மணம்தான், நீ பாஸ்!" என்பார் அந்தோனி.

கரீமுக்குத்தான் அதிகச் சிரமம். நெஞ்சு நோய்க்காரர்; டாக்டர் கண்டித்திருந்தார். "சிவமே விட்டிட்டான், எனக்கு ஏலாதா?" என்று என்னை நம்பியே பொறுத்துக்கொண்டிருந்தார்.

நானோ சில நாட்களிலேயே இடது கையால் புகைக்கத் தொடங்கியிருந்தேன். வாய் மணக்காமலிருக்கக் கராம்பு மென்றேன்.

ஒருநாள் இறங்குதுறைக் கடையில் தொங்கும் நெருப்புக் கயிற்றில் சிகரெட்டைப் பற்றவைத்துத் திரும்பினால், பின்னால் கரீம். அவர் ஏசவில்லை. "எனக்கும் ஒண்டு தா," என்றார். கொடுத்தேன். பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை.

நான் அன்றோடு விட்டேன். அவர் படுக்கையில் விழுந்தபின் கிண்ணியாவுக்குப் போய், மறுபடி சேர்ந்து சிகரெட்டை விடுவோம் என்று கெஞ்சி வலது கையை நீட்டினேன்.

"மற்றக் கையையும் காட்டு மச்சான்."

இரண்டையும் முகர்ந்து சிரித்தார். இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது. அதன்பின் அவரும் சிகரெட்டைத் தொடவில்லை. ஆனால் காலம் பிந்திவிட்டது. அந்த மாரிக்காலம் முடியுமுன் இறந்துபோனார்.

இப்போது புகையை விட நினைத்து யாராவது துணைக்கு அழைத்தால், இரண்டு கைகளையும் நீட்டுகிறேன். ஏன் இரண்டும் என்று கேட்பவர்களுக்குக் கரீமைப் பற்றிச் சொல்கிறேன்.